கேபிளைச் செருகினால் மறையும் பிழை: ஒரு விபிஎன் போனுக்குக் குடிபோன கதை

புகார் எப்போதும் ஒரே மாதிரிதான் வந்தது. காலையில் எழுந்து போனை எடுக்கிறார்கள். மேலே சாவிச் சின்னம் தெரிகிறது, அதாவது விபிஎன் (தரவைக் குறியாக்கி ஒரு சர்வர் வழியே அனுப்பும் தனி இணைப்பு) இணைப்பில் இருப்பதாகப் போன் சொல்கிறது. ஆனால் மெயில் திறப்பதில்லை, எந்தப் பக்கமும் வருவதில்லை. ஏரோபிளேன் மோடை ஒருமுறை போட்டு எடுத்தால் சரியாகிவிடுகிறது. பிழையைப் பிடிக்க நாங்கள் போனைக் கேபிளில் கணினியோடு இணைத்து இரவெல்லாம் பதிவுகளை ஓடவிட்டோம். பிழை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கேபிளைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போனால் மட்டும் விடிந்ததும் வந்து நிற்கும்.

நாங்கள் நான்கு பேர் கொண்ட குழு. அலுவலக ஊழியர்கள் வெளியிலிருந்து உள் சர்வர்களுக்குள் வர ஒரு விபிஎன் கிளையன்ட்டைக் கணினிகளுக்கு மட்டும் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தோம். அதை ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கேட்டார்கள். "உள்ளே இருக்கும் நிரல் சி மொழியில்தான் இருக்கிறது, அப்படியே கம்பைல் செய்து மேலே ஒரு திரையை ஒட்டினால் போதும், மூன்று மாதம்" என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்த ஓராண்டில் குறியாக்கம் எங்களை ஒரு நாள்கூடப் படுத்தவில்லை. ஏஇஎஸ் என்ற குறியாக்க முறைக்கான வன்பொருள் உதவி இல்லாத பழைய போன்கள் கொஞ்சம் திணறின. அவற்றுக்கு சாசா20 என்ற வேறு முறையை வைத்ததும் அடங்கின. படுத்தியதெல்லாம் போனின் தூக்கம், நினைவகத்தில் அது காட்டும் கஞ்சத்தனம், நெட்வொர்க் விட்டு நெட்வொர்க் தாவும் அதன் குணம். இந்த ஆய்வில் பாதி இடம் தூக்கத்துக்கே போகும்.

அதிகாரம் கைவிட்டுப் போன இடம்

கணினியில் விபிஎன் கிட்டத்தட்ட இயங்குதளத்தின் ஓர் உறுப்பு மாதிரி நடந்துகொள்ளும். நிர்வாகி உரிமையோடு நிறுவுகிறோம். அது டன் என்ற மெய்நிகர் நெட்வொர்க் கார்டை உருவாக்கும், ரூட் அட்டவணையை (தரவு எந்த வழியே போக வேண்டும் என்ற பட்டியலை) திருத்தும், பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸை மாற்றும், இணைப்பு அறுந்தால் ஃபயர்வாலை வைத்துக் கதவைச் சாத்தும். போனில் இவற்றில் எதையும் ஒரு சாதாரண ஆப் தொட முடியாது.

பிபிடிபி, எல்2டிபி போன்ற பழைய விபிஎன் வகைகள் 2009இல் ஆண்ட்ராய்டு 1.6இலேயே உள்ளே வந்துவிட்டன. ஆனால் வெளியார் எழுதிய விபிஎன் வேண்டுமென்றால் போனை ரூட் செய்ய (பூட்டை உடைத்து முழு நிர்வாகி உரிமை எடுக்க) வேண்டும், கெர்னலில் டன் மாட்யூல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்வலர்களின் விளையாட்டாகத்தான் அது இருந்தது. 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 4.0 விபிஎன்சர்வீஸ் என்ற வழியைத் திறந்துவிட்டது. பயனர் சம்மதம் கொடுத்தால் இயங்குதளமே டன் இடைமுகத்தை உருவாக்கி அதன் கைப்பிடியை ஆப்பிடம் நீட்டும். எந்த ரூட், எந்த டிஎன்எஸ் என்று ஆப் கேட்கலாம். செய்து கொடுப்பது இயங்குதளம். ஐபோன் இன்னும் தாமதம். 2014இல் ஐஓஎஸ் 8 ஐகேஇவி2 என்ற விபிஎன் நெறிமுறையைத் தந்தது. நம் சொந்த நெறிமுறையை ஓட்ட வேண்டுமென்றால் 2015இல் ஐஓஎஸ் 9 கொண்டுவந்த பாக்கெட் டன்னல் நீட்சி (தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளை, சர்வர்வரை போகும் குறியாக்கிய பாதையான டன்னலுக்குள் அனுப்பும் துணை நிரல்) வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கும் முதலில் ஆப்பிளுக்குத் தனியாக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

ஆண்ட்ராய்டில் எல்லாரும் முதல் வாரத்திலேயே மிதிக்கும் குழி ஒன்று உண்டு. போனின் எல்லாப் பாக்கெட்டுகளும் டன்னலுக்குள் போக வேண்டும் என்று கேட்கிறோம். குறியாக்கிய பாக்கெட்டை நாம் சர்வருக்கு அனுப்புகிறோம். அதுவும் போனின் பாக்கெட்தானே? அதுவும் டன்னலுக்குள் திரும்பி வரும், மறுபடி குறியாக்கப்படும், மறுபடி வரும். இதைத் தவிர்க்க, சர்வரோடு பேசும் சாக்கெட்டை (இணைப்பு முனையை) மட்டும் விலக்கிவைக்கச் சொல்லும் புரொடெக்ட் என்ற அழைப்பு இருக்கிறது. அதை நாங்கள் ஒழுங்காகத்தான் போட்டிருந்தோம், முதல் சாக்கெட்டுக்கு. வைஃபை போய் மொபைல் டேட்டா வந்ததும் புது சாக்கெட் திறக்கும் இடத்தில் மறந்துவிட்டோம். சோதனை செய்தவர் வாசலைத் தாண்டியதும் அவர் பாக்கெட்டில் இருந்த போன் இஸ்திரிப்பெட்டி மாதிரி சுட்டது. (சட்டைப் பாக்கெட்டைச் சொல்கிறேன். இந்தத் துறையில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை.)

தூக்கம்

சரி, காலைப் புகாருக்கு வருவோம்.

கேபிளில் இருக்கும்போது பிழை வராததற்குக் காரணத்தைப் பிற்பாடு யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. 2015இல் ஆண்ட்ராய்டு 6.0 டோஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. திரை அணைந்து, போன் அசையாமல், சார்ஜரில் இல்லாமல் கொஞ்ச நேரம் கிடந்தால் ஆப்களின் அலாரங்களையும் நெட்வொர்க் வேலைகளையும் தள்ளிப்போட்டு, இடையிடையே சின்னச் சின்ன அவகாசம் மட்டும் கொடுக்கும். கேபிள் செருகியிருந்தால் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது, ஆகவே டோஸ் இல்லை. அதோடு கேபிள் இணைப்பில் இருக்கும் போனின் சிபியு ஆழ்ந்த தூக்கத்துக்கே போவதில்லை. பிழையைப் பார்க்க நாங்கள் செய்த ஏற்பாடே பிழையை விரட்டிக்கொண்டிருந்தது. கேபிளை விட்டுவிட்டு, போனுக்குள்ளேயே ஒரு கோப்பில் பதிவுகளை எழுதவைத்துக் காலையில் எடுத்துப் படித்தோம். அப்போதுதான் பிடிபட்டது.

பதிவில் இருந்த நேரங்கள் பொருந்தவில்லை. சுவர்க் கடிகாரப்படி இரண்டு பதிவுகளுக்கு நடுவே நாற்பது நிமிடம் போயிருக்கிறது. எங்கள் நிரலின் டைமரோ சில விநாடிகள்தான் ஆனதாகச் சொல்கிறது. லினக்ஸ் கெர்னலில் மோனோடோனிக் என்றொரு கடிகாரம் உண்டு. பயனர் மணியை மாற்றினாலும் பின்னோக்கிப் போகாது என்பதால் டைமர்களுக்கு எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் கருவி உறங்கும்போது அந்தக் கடிகாரமும் உறங்கிவிடும். உறங்கிய நேரத்தையும் சேர்த்து எண்ணுவதற்கு பூட்டைம் என்று வேறொன்று இருக்கிறது. சர்வரில் ஓடும் நிரலுக்கு இந்த வித்தியாசம் தெரியவேண்டிய அவசியமே இல்லை. மடிக்கணினியை மூடித் திறந்தால் நெட்வொர்க் எப்படியும் அறுந்து மறுபடி இணையும், அதனால் அங்கேயும் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

போனில் நடந்தது இதுதான். இரவெல்லாம் மறுமுனையில் சத்தமே இல்லை என்று சர்வர் எங்கள் அமர்வை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டது. போனில் இருக்கும் கிளையன்ட்டோ 'இப்போதுதானே பேசினோம்' என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. 'இரண்டு நிமிடம் பதில் இல்லாவிட்டால் இணைப்பு செத்துவிட்டது என்று கொள்' என எழுதிவைத்திருந்தோம். அந்த இரண்டு நிமிடம் விழித்திருக்கும் நேரத்தில் ஆக வேண்டும். பயனர் முப்பது விநாடி பார்த்துவிட்டுச் சலிப்போடு திரையை அணைப்பார்; போன் உறங்கும்; டைமரும் நின்றுவிடும். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் மீதியை எண்ண ஆரம்பிக்கும்.

இது எங்கள் முட்டாள்தனம் மட்டும் இல்லை என்பது பிறகு தெரிந்து கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வயர்கார்டு என்ற திறமூல விபிஎன்னின் ஆண்ட்ராய்டு ஆப், கோ என்ற நிரல் மொழியின் இயக்கச் சூழலுக்கே ஓர் ஒட்டு போட்டு, மோனோடோனிக் இருந்த இடத்தில் பூட்டைமை வைத்துத்தான் கம்பைல் ஆகிறது. அவர்களும் அதே சுவரில் முட்டியிருக்கிறார்கள்.

கடிகாரத்தை மாற்றினோம். வயர்கார்டின் இன்னொரு பழக்கத்தையும் எடுத்துக்கொண்டோம்: தரவை அனுப்பி 15 விநாடிக்குள் மறுமுனையிலிருந்து எதுவும் வரவில்லையென்றால், செத்ததா இல்லையா என்று ஆராயாமல் புதிதாகக் கைகுலுக்கலை (இரு முனையும் சாவி பரிமாறும் தொடக்கப் பேச்சை) தொடங்குவது. காலைப் புகார் நின்றது.

இரண்டு வாரத்தில் அடுத்தது வந்தது. விபிஎன் போட்டிருந்தால் செய்தி அறிவிப்புகள் அரைமணி, முக்கால்மணி தாமதமாக மொத்தமாக வந்து கொட்டுகின்றன.

இதற்கு நாட் (NAT) என்ற முகவரி மாற்றி காரணம். மொபைல் நெட்வொர்க்கிலும் வீட்டு வைஃபையிலும் நம் போன் ஒரு முகவரி மாற்றியின் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. உள்ளிருந்து ஒரு பாக்கெட் வெளியே போனால், பதில் திரும்பிவர அது ஒரு குறிப்பை எழுதிவைக்கும். யுடிபி (இணைப்பு வைத்துக்கொள்ளாமல் பாக்கெட் அனுப்பும் முறை) என்றால் அந்தக் குறிப்பை இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அழிக்கக் கூடாது என்று 2007இன் ஆர்எஃப்சி 4787 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறது. அதை மதிக்காமல் முப்பது விநாடியில் அழிக்கும் பெட்டிகள் நிறைய. குறிப்பு அழிந்ததும் வெளியிலிருந்து போனைக் கூப்பிட வழி கிடையாது. அறிவிப்புகளைக் கொண்டுவரும் கூகுள், ஆப்பிள் இணைப்புகளும் இப்போது எங்கள் டன்னலுக்குள்தான் போகின்றன, ஆகவே அவையும் ஊமையாகிவிடும்.

வழக்கமான மருந்து கீப்அலைவ். வயர்கார்டின் கையேடு, நாட் பெட்டிக்குப் பின்னால் இருந்தால் 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு வெற்றுப் பாக்கெட்டை அனுப்பச் சொல்கிறது. ஐபிசெக் என்ற இன்னொரு விபிஎன் வகையில் 20 விநாடி. கணினியில் யாரும் கவனிக்கவே மாட்டார்கள். போனில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 விநாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 144. எல்டிஇயில் ஒரு துளி தரவு போனாலும் ரேடியோ உடனே படுத்துவிடாது. இன்னும் ஏதாவது வருமா என்று பத்து விநாடி அளவுக்கு அதிக மின்சாரத்தில் விழித்திருக்கும். 144ஐப் பத்தால் பெருக்கினால் 1,440 விநாடி. யாரும் தொடாமல் மேசையில் கிடக்கும் போனின் ரேடியோ ஒரு மணி நேரத்தில் 24 நிமிடம் கண்விழித்திருக்கிறது, ஒன்றுமே இல்லாத ஒரு பாக்கெட்டுக்காக.

இதற்கு நல்ல விடை கிடையாது, பேரம் மட்டும்தான். எங்கள் ஊழியர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது உள் சர்வர்கள் மட்டுமே. ஆகவே எல்லாவற்றையும் டன்னலில் ஏற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு, அலுவலக முகவரிகளை மட்டும் உள்ளே எடுத்தோம். அறிவிப்புகள் வெளியே தம் வழியில் போயின, கீப்அலைவை அணைத்தோம், பேட்டரி பிழைத்தது. முழுப் போக்குவரத்தையும் உள்ளே எடுத்தே ஆக வேண்டிய தனியுரிமை விபிஎன்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒன்று பேட்டரியைக் கொடுக்க வேண்டும், இல்லை அறிவிப்பைக் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் ஆப் உயிரோடு இருந்தால்தான். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8.0 பின்னணிச் சேவைகளை இறுக்கியது. திரையில் நிரந்தர அறிவிப்பு ஒன்றைக் காட்டிக்கொண்டு ஓடினால்தான் பிழைக்கலாம். அதையும் மீறி, சில தயாரிப்பாளர்களின் போன்களில் 'பேட்டரி மேலாளர்' என்ற பெயரில் இருக்கும் காவலாளி எங்களை அடித்துப்போட்டான். எப்போதும் இயங்கும் விபிஎன் என்ற அமைப்பைப் போடச்சொன்னோம், அதில் இயங்குதளமே நம்மை எழுப்பிவிடும். பயனருக்கு இதை விளக்க நாங்கள் எழுதிய உதவிப் பக்கம் ஆப்பைவிட நீளம்.

15 எம்பி

ஐபோனில் எங்கள் விபிஎன் ஆப்புக்குள் ஓடவில்லை. திரையும் பொத்தானும் ஒரு புராசஸ் (தனியாக ஓடும் நிரல்). பாக்கெட்டுகளைக் கையாளும் நீட்சி இன்னொரு புராசஸ். கணினியில் இருக்கும் ஐபோன் சிமுலேட்டரில் இந்த நீட்சி ஓடாது, உண்மையான போன் வேண்டும். முக்கியமான சங்கதி, நீட்சிக்கு நினைவக உச்சவரம்பு உண்டு. நாங்கள் வேலை தொடங்கியபோது அது 15 எம்பி.

அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்று நான் எதிர்பார்த்தது ஒரு பிழைச் செய்தியை. ஒன்றும் வராது. இயங்குதளம் நீட்சியைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். தேவைக்கேற்ப இணை என்ற அமைப்பு இருந்ததால் உடனே திரும்பத் தொடங்கும். பதிவுக் கோப்பில் எங்களுக்குக் கிடைத்தது 'தொடங்கியது', 'தொடங்கியது', 'தொடங்கியது' என்ற வரிகள் மட்டுமே. நின்றது என்று எழுத அதற்கு அவகாசம் கிடைத்ததே இல்லை. சும்மா மெயில் பார்த்தால் ஒன்றும் ஆகாது, வேகச் சோதனை போட்டால் சாகும். ஆகவே பாக்கெட் வரிசைதான் குற்றவாளி என்று ஊகித்தோம்.

ஊகம் சரிதான். கணினிக் கிளையன்ட்டில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 64 கேபி இடம் ஒதுக்கியிருந்தோம், ஐபி பாக்கெட்டின் உச்ச அளவு அதுதான் என்பதால். ஆயிரத்து இருபத்து நான்கு இடங்கள். பெருக்கினால் 64 எம்பி. கணினியில் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உண்மையில் வந்துபோகும் பாக்கெட்டோ 1,500 பைட்டைத் தாண்டுவதில்லை. ஆகவே ஓர் இடத்துக்கு 1,700 பைட் என்று குறைத்தோம், மொத்தம் 1.7 எம்பிக்குள் அடங்கியது. இந்த எண் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, வயர்கார்டின் கோ நிரலில் ஐஓஎஸ்ஸுக்கென்றே தனியாக ஒரு சிறு கோப்பில் இருக்கிறது: 1,700 பைட், 1,024 இடம். ஆண்ட்ராய்டுக்கு வேறு கோப்பு, 2023 வரை அங்கே 2,200 இருந்தது. ஓர் இயங்குதளத்தின் கஞ்சத்தனத்தை இரண்டு வரியில் எழுதிவைத்த மாதிரி அந்தக் கோப்பு.

மிச்ச இடத்துக்குச் சண்டை நடந்தது. சான்றிதழ் சரிபார்க்கும் நூலகம், தடுப்புப் பட்டியல், பதிவு எழுதும் பகுதி என ஒவ்வொன்றையும் அறுத்தோம். தடுப்புப் பட்டியலை நீட்சிக்குள் வைத்திருக்க வேண்டும் என்று குழுவில் ஒருவர் பிடிவாதமாக இருந்தார். பட்டியல் வெளியே போனது, அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அப்புறம் 2021இல் ஐஓஎஸ் 15 அந்த வரம்பை 50 எம்பியாக்கியது. எங்கள் அறுவைச் சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகு.

தாவல்

பழைய கிளையன்ட் இணையதளங்கள் பயன்படுத்தும் டிசிபி 443 என்ற போர்ட்டில் பேசியது. ஃபயர்வால் எதுவும் தடுக்காது என்ற ஒரே காரணத்துக்காக. டிசிபி இணைப்பு என்பது இரண்டு முனைகளின் முகவரியும் போர்ட்டும் சேர்ந்தது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குத் தாவினால் நம் முகவரி மாறும், இணைப்பு செத்துவிடும். மறுபடி முழுக் கைகுலுக்கல், மறுபடி உள்நுழைவு. கணினியில் நாளுக்கு ஒருமுறை நடப்பது போனில் படி இறங்கினால் நடக்கும். ஐகேஇவி2 இதற்கு 2006லேயே ஆர்எஃப்சி 4555இல் மோபைக் என்ற தீர்வைக் கண்டுவிட்டது. வயர்கார்டு இன்னும் எளிது: சரியான சாவியோடு குறியாக்கிய பாக்கெட் எந்த முகவரியிலிருந்து வந்தாலும் சர்வர் அந்த முகவரியையே புதிதாகக் குறித்துக்கொள்ளும். நாங்கள் யுடிபிக்கு மாறி, ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஓர் அமர்வு எண்ணை வைத்தோம். சர்வர் பக்கத்தையே மாற்ற வேண்டியிருந்ததால் இரண்டு மாதம் இதற்கே போயிற்று.

ஐபிவி6 என்ற புது முகவரி முறை மட்டுமே இருக்கும் மொபைல் நெட்வொர்க்குகள் இன்னொரு கதை. அமைப்புக் கோப்பில் சர்வரின் பெயருக்குப் பதிலாக ஐபிவி4 எண்ணையே எழுதிவைத்திருந்தோம். ஐபிவி6 மட்டும் உள்ள நெட்வொர்க்கிலும் ஓட வேண்டும் என்பது 2016 ஜூன் 1 முதல் ஆப்பிள் ஸ்டோரின் நிபந்தனை. பெயராக மாற்றினோம்.

அதைத் திருத்தும்போதுதான் மோசமான ஒன்று கண்ணில் பட்டது. ஐபோன் பக்கம் எங்கள் டன்னல் ஐபிவி4 ரூட்டுகளை மட்டும்தான் எடுத்திருந்தது. சில உள் சர்வர்களுக்கு ஐபிவி6 முகவரியும் இருந்தது. அவற்றுக்கான கோரிக்கைகள் டன்னலைச் சுற்றிக்கொண்டு வெளிவழியாகவே போய் முட்டிக்கொண்டிருந்தன. இது பரவலான வியாதி. 2016இல் ஆண்ட்ராய்டின் 283 விபிஎன் ஆப்களை ஆராய்ந்த ஆய்வொன்றில், 84 விழுக்காடு ஐபிவி6 போக்குவரத்தை டன்னலுக்குள் எடுக்கவில்லை, 66 விழுக்காடு டிஎன்எஸ்ஸை எடுக்கவில்லை, 18 விழுக்காடு குறியாக்கமே செய்யவில்லை. கடைசி எண்ணைப் படித்தபோது எங்கள் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பற்றி ஒரு வரி போதும். சின்னச் செய்திகள் போகும், பெரிய பக்கம் பாதியில் தொங்கும் என்றால் பாக்கெட் அளவுதான் காரணம்; 1,280 என்று வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

ஒரு பாக்கெட்கூட

வெளியிடும் முன் பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். முழு டன்னல் போட்டு, விபிஎன் இல்லாத இணைப்பைத் தடு என்ற ஆண்ட்ராய்டு 8.0இன் அமைப்பையும் போட்டால், ஒரு பாக்கெட்கூட வெளியே போகாது என்று எழுதித் தர முடியுமா? எங்கள் அறிமுகப் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

தேடிப் பார்த்தோம். இணையம் இருக்கிறதா, வைஃபை உள்நுழைவுப் பக்கம் கேட்கிறதா என்று ஆண்ட்ராய்டு தானே செய்யும் சோதனைகள் அந்தத் தடையையும் தாண்டி வெளியே போகின்றன. 2022 அக்டோபரில் முல்வாட் என்ற விபிஎன் நிறுவனம் இதை வெளிப்படையாக எழுதியது. அது அப்படித்தான் இயங்க வேண்டும் என்பது கூகுளின் நிலை. அதில் நியாயமும் இருக்கிறது. சோதனை வெளியே போகாவிட்டால் உள்நுழைவுப் பக்கமே வராது, பக்கம் வராவிட்டால் விபிஎன்னும் வராது. ஐபோனில் வேறு விதம். விபிஎன் தொடங்கும் முன்பே திறந்திருந்த இணைப்புகளை ஐஓஎஸ் மூடுவதில்லை என்று 2020 மார்ச்சில் புரோட்டான் என்ற இன்னொரு விபிஎன் நிறுவனம் சொன்னது. ஐஓஎஸ் 14இல் எல்லா நெட்வொர்க்கையும் உள்ளடக்கு என்ற அமைப்பு ஆப்களின் கைக்கு வந்தது. அதைப் போட்டுப் பார்த்தோம். நீட்சி ஒருமுறை தடுக்கி விழுந்தால் போனே இணையமில்லாமல் நின்றது. எடுத்துவிட்டோம்.

எழுதித் தர முடியாது என்று தணிக்கையாளரிடம் சொன்னோம். அவர் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார், இந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்த மாதிரி. அன்று மாலையே அறிமுகப் பக்கத்திலிருந்து அந்த வரியை நீக்கினேன். இரண்டு வாரம் கழித்து ஆப் வெளியானது. ஓட்டல் வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் வரவில்லை என்ற முதல் புகார் மூன்றாம் நாள் வந்தது. அது இன்னும் திறந்தே இருக்கிறது.